சாக்லேட் பெட்டியைத் திறந்தால் கை ஏன் நிற்பதில்லை?

டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிப் பொங்கல் முடியும்வரை மதுரையில் சாக்லேட் இல்லாத வீட்டைப் பார்ப்பது கஷ்டம். அரையாண்டு லீவுக்குக் கொடைக்கானல் போனவர்கள் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பை ஹோம்மேட் சாக்லேட் இருக்கும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் மாமாவும் சித்தப்பாவும் பெரிய பெட்டிகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பங்கு வைப்பார்கள். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் கிறிஸ்துமஸ் திருப்பலி முடித்து வரும் பக்கத்து வீட்டுக்காரர் கேக்கோடு நாலு சாக்லேட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்புவார். புத்தாண்டுக்கு ஆபீஸில் ஒரு டப்பா கொடுப்பார்கள். இவ்வளவும் கடைசியில் வந்து சேர்வது நம் வீட்டு ஃப்ரிட்ஜில்.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாப்பிட்டு முடித்ததும் ஒன்று எடுக்கிறோம். டிவி பார்த்துக்கொண்டே இன்னொன்று. தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் மூன்றாவது. ராத்திரி பார்த்தால் பெட்டியில் பாதி இல்லை. "வாயைக் கட்டத் தெரியலையே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், அல்லது நாமே நம்மைச் சொல்லிக்கொள்வோம். இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. வருஷம் முழுக்க வாயைக் கட்டத் தெரிந்தவருக்கு டிசம்பரில் மட்டும் அது எப்படி மறந்துபோகும்? மறந்துபோகவில்லை. சாக்லேட் என்ற பண்டம் செய்யப்பட்டிருக்கும் விதமும், நம் மூளை ஆசைப்படும் விதமும், பண்டிகை நாட்களில் வீடு இருக்கும் விதமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. இந்த விஷயத்தை முதன்முறையாகப் படிப்பவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், அந்தத் துண்டுக்குள் என்ன இருக்கிறது?

கோகோ மரத்தின் காய், கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேராகக் காய்க்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்பதைப் பார்த்திருக்கலாம். காயை உடைத்தால் வெள்ளைச் சதைக்குள் விதைகள் இருக்கும். அவற்றைச் சில நாட்கள் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் வருவது கரும்பழுப்பு விழுது. அப்படியே வாயில் வைத்தால் கடுங்கசப்பு. கோகோ விதையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அந்தக் கொழுப்பைத்தான் கோகோ வெண்ணெய் என்கிறோம். 1828-இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் இந்தக் கொழுப்பைப் பிழிந்து பிரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கியது. 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துச் சாப்பிடும் கட்டியாகச் சாக்லேட்டை வார்த்தது. 1875-இல் சுவிட்சர்லாந்தின் வெவே ஊரில் டேனியல் பீட்டர் பாலைச் சேர்த்து மில்க் சாக்லேட் செய்தார். அதுவரை பெரும்பாலும் குடிக்கும் பானமாக இருந்த ஒன்று, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் தின்பண்டமாக மாறியது இப்படித்தான்.

இன்றைக்கு நாம் வாங்கும் சாதாரண மில்க் சாக்லேட்டில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கும் மேல் சர்க்கரையும், சுமார் 30 கிராம் கொழுப்பும் இருக்கும். கலோரிக் கணக்கு 530-ஐ ஒட்டி வரும். கடையில் தொங்கும் 40 கிராம் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டால் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது நாலைந்து டீஸ்பூன். கலோரி 200-க்கு மேல். வீட்டில் அளவாக ஊற்றிய மூன்று இட்லியில் இருப்பதைவிட அது குறைவில்லை. ஆனால் மூன்று இட்லி சாப்பிட்டால் சாப்பிட்டதாகத் தெரியும். இந்தப் பட்டையைச் சாப்பிட்ட பிறகு வயிறு அப்படி எதுவும் சொல்லாது.

சர்க்கரை மட்டும் இருந்தால் இவ்வளவு இழுப்பு வராது. வெறும் சர்க்கரையை ஸ்பூன் ஸ்பூனாக அள்ளித் தின்பவரைப் பார்ப்பது அரிது. வெறும் வெண்ணெயும் அப்படித்தான். இரண்டும் சேரும்போதுதான் கதை வேறாகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் பங்கேற்றவர்களிடம் தின்பண்டப் படங்களைக் காட்டி, இதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று ஏலம் கேட்கச் சொன்னார்கள். கொழுப்பு மட்டும் மிகுந்தவை, மாவுச்சத்தும் சர்க்கரையும் மட்டும் மிகுந்தவை, இரண்டும் கலந்தவை என மூன்று வகை. கலோரியும் பிடித்தமும் ஒரே அளவில் இருந்தபோதும், இரண்டும் கலந்ததற்கே கூடுதலாகப் பணம் கொடுக்க முன்வந்தார்கள். மூளையில் ஆசையோடு தொடர்புடைய பகுதிகளும் அப்போதுதான் கூடுதலாக வேலை செய்தன. இயற்கையில் கிடைக்கும் உணவுகளில் இந்த இரண்டும் நிறைய அளவில் ஒன்றாக இருப்பது அபூர்வம். தாய்ப்பால் அப்படிப்பட்ட ஒன்று. மாம்பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு கிடையாது. நிலக்கடலையில் கொழுப்பு உண்டு, இனிப்பு கிடையாது.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அல்வாவிலும் நெய்யும் சர்க்கரையும்தானே? அதிரசத்தில் வெல்லமும் எண்ணெயும்தானே? மதுரைக்காரனுக்கு அல்வா பிடிக்காதா? பிடிக்கும். ஆனால் கால் கிலோ அல்வாவை ஒரே மூச்சில் முடிப்பவர் குறைவு. நாலு வாய்க்கு மேல் திகட்டிவிடும். கூடவே ஒரு பிடி மிக்சர் வேண்டும் என்று நாக்கு கேட்கும். சாக்லேட்டுக்கும் திகட்டல் உண்டு. அது மெதுவாக வருகிறது, அவ்வளவுதான். அது ஏன் என்று பார்த்தால்தான் பெட்டி காலியாகும் ரகசியம் புரியும்.

34 டிகிரி

ஒரு துண்டை எடுத்துக் கடிக்காமல் நாக்கில் வைத்துப் பாருங்கள். முதல் சில நொடிகள் அது வெறும் கட்டிதான். வாசனைகூடப் பெரிதாக இருக்காது. பிறகு நாக்கில் படும் பக்கம் வழுக்கத் தொடங்கும். ஓரங்கள் மழுங்கும். அந்த நேரத்தில் நாக்கில் லேசான குளிர்ச்சி தெரியும். கொழுப்பு உருகுவதற்கு வேண்டிய சூட்டை நாக்கிலிருந்து எடுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. உருகியதும் உள்ளே அடைபட்டிருந்த வாசனை மூக்கின் பின்பக்கமாக ஏறும். கசப்பும் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அரை நிமிஷத்துக்குப் பிறகு வாயில் ஒன்றும் இருக்காது. பல்லில் ஒட்டாது, தொண்டையில் நிற்காது, ருசி மட்டும் கொஞ்ச நேரம் தங்கும்.

இதற்குக் காரணம் கோகோ வெண்ணெயின் உருகுநிலை. நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அறையில் இருக்கும்வரை "டக்"கென்று உடையும் கட்டி, வாய்க்குள் போனதும் திரவம். இடைவெளி மூன்றே டிகிரி. இவ்வளவு துல்லியமாக நம் வாய்க்குப் பொருந்தும் கொழுப்பு வேறு எதுவும் சமையலறையில் இல்லை. நெய்யும் தேங்காய் எண்ணெயும் மதுரைச் சூட்டில் பெரும்பாலான மாதங்கள் பாட்டிலிலேயே உருகிக் கிடக்கும். டால்டா வாயில் போட்டாலும் முழுதாக உருகாமல் மேலண்ணத்தில் படியும்.

இந்த 34 டிகிரி தானாக வருவதில்லை என்பது இன்னும் சுவாரசியம். ஒரே செங்கல்லை வெவ்வேறு விதமாக அடுக்கலாம் இல்லையா, அதுபோல் கோகோ வெண்ணெயின் மூலக்கூறுகள் ஆறு விதமாக அடுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஓர் உருகுநிலை. ஐந்தாவது விதம்தான் பளபளப்பும், உடையும் சத்தமும், வாயில் கரையும் குணமும் உள்ளது. அதை வரவழைப்பதற்காக உருக்கிய சாக்லேட்டைக் கணக்காகக் குளிரவைத்து, மறுபடி லேசாகச் சூடேற்றி, கிளறி எடுக்கிறார்கள். டெம்பரிங் என்று அதற்குப் பெயர். சித்திரைத் திருவிழா நேரத்தில் வாங்கிய சாக்லேட் வீட்டுக்கு வருவதற்குள் குழைந்துபோவதும், மார்கழியில் அதே சாக்லேட் மேசையில் கிடந்தாலும் கட்டியாகவே இருப்பதும் இந்தக் கணக்கால்தான். மே மாத மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். டிசம்பரில் பகல் 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே, நம் ஊரில் சாக்லேட்டைக் கண்ட இடத்தில் வைத்து, கண்டபோதெல்லாம் எடுக்க வசதியான மாதங்களில்தான் பண்டிகையும் வருகிறது.

மெல்லத் தேவையில்லாத, வயிற்றில் இடம் அடைக்காத பண்டம், போதும் என்ற செய்தி உள்ளேயிருந்து வருவதற்குள் அளவு கடந்து போய்விடும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் ஐந்து துண்டு உள்ளே போயிருக்கும்.

மூளை விரும்புவது எதை?

சாக்லேட்டில் ஏதோ மயக்கும் மருந்து இருக்கிறது, அதனால்தான் விட முடியவில்லை என்ற பேச்சு நிறைய ஓடுகிறது. மருந்து போன்ற சில பொருட்கள் அதில் இருப்பது உண்மை. கஃபீனுக்கு உறவுக்காரப் பொருளான தியோபுரோமின் இருக்கிறது. காபியில் இருக்கும் கஃபீன் கொஞ்சம் இருக்கிறது, மில்க் சாக்லேட்டில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராமை ஒட்டி. ஒரு டம்ளர் காபியில் இதைவிடப் பல மடங்கு இருக்கும். காதலில் விழுந்தால் சுரக்கும் என்று சொல்லப்படும் பினைல்எதிலமீன் இருக்கிறது, ஆனால் அது மூளைக்குப் போவதற்கு முன்பே உடம்பு பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லா மிச்செனரும் பால் ரோசினும். 1994-இல் வெளியான அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அவ்வளவு எளிமை. சாக்லேட் ஏக்கம் உள்ளவர்களிடம் மூடிய டப்பாக்களைக் கொடுத்து, ஏக்கம் வரும்போது ஒன்றைத் திறந்து உள்ளே இருப்பதைச் சாப்பிடச் சொன்னார்கள். ஒன்றில் மில்க் சாக்லேட். ஒன்றில் வெள்ளைச் சாக்லேட். அதில் கோகோ வெண்ணெயும் சர்க்கரையும் பாலும் உண்டு, கோகோ தூள் கிடையாது. ஒன்றில் கோகோ தூள் அடைத்த மாத்திரைகள்: மருந்துப் பொருட்கள் எல்லாம் உள்ளே போகும், ருசி மட்டும் தெரியாது. இன்னொன்றில் வெறும் போலி மாத்திரை. மில்க் சாக்லேட் ஏக்கத்தைத் தீர்த்தது. வெள்ளைச் சாக்லேட் ஓரளவு தீர்த்தது. கோகோ மாத்திரையால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. வெள்ளைச் சாக்லேட்டோடு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தும் பலன் கூடவில்லை. ஆக, நாம் ஏங்குவது அந்த வாசனைக்கும், இனிப்புக்கும், வாயில் கரையும் அந்த அரை நிமிஷத்துக்கும்தான்.

சரி, ருசிக்காகத்தான் என்றால், ருசி குறைந்ததும் கை நின்றுவிட வேண்டுமே? இங்கேதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம் வருகிறது. ஒன்றை ரசிப்பதும் ஒன்றுக்கு ஆசைப்படுவதும் மூளைக்குள் ஒரே வேலை அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் பல வருஷங்களாக இதைத்தான் எடுத்துக் காட்டிவருகிறார். சாப்பிடும்போது கிடைக்கும் இன்பம் ஒரு வழியில் நடக்கிறது. "எடு, எடு" என்று தள்ளும் வேகம், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சம்பந்தப்பட்ட வேறொரு வழியில் நடக்கிறது. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். ஆனால் ஒன்று தளர்ந்த பிறகும் மற்றது ஓடிக்கொண்டிருக்கலாம். முதல் துண்டு அமிர்தம். ஏழாவது துண்டில் பாதி ருசிகூட இல்லை. ஆனாலும் கை எட்டாவதற்குப் போகிறது. அந்த நேரத்தில் ஒருவரை நிறுத்தி "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார், கையை எடுக்க மாட்டார்.

ஆசையைக் கிளப்பிவிடச் சாக்லேட்டே வாய்க்குள் போக வேண்டும் என்றில்லை. ஜிகினாத் தாளைப் பிரிக்கும் சரசரப்பு போதும். மாமா கொண்டுவந்த பெட்டியின் தங்க நிறம் கண்ணில் பட்டால் போதும். எத்தனையோ முறை அந்தச் சத்தத்துக்கும் நிறத்துக்கும் பின்னால் இனிப்பு வந்திருக்கிறது என்பதை மூளை குறித்துவைத்திருக்கிறது. குறிப்பு கிடைத்ததும் ஆசை எழும். பசி இருக்கிறதா இல்லையா என்று அது கேட்பதில்லை.

ரசனை எப்படித் தேய்கிறது என்பதையும் ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். டானா ஸ்மால் என்ற ஆய்வாளரின் குழு, சாக்லேட் பிரியர்களுக்கு ஒவ்வொரு துண்டாகக் கொடுத்துக்கொண்டே போய் மூளையைப் படம்பிடித்தது. "இன்னொன்று கண்டிப்பாக வேண்டும்" என்ற நிலையிலிருந்து "இனி ஒன்று தின்றால் குமட்டும்" என்ற நிலைவரை. 2001-இல் வெளியான அந்த ஆய்வில், வேண்டும் என்றபோது வேலை செய்த பகுதிகளும், வேண்டாம் என்றபோது வேலை செய்த பகுதிகளும் வெவ்வேறாக இருந்தன. அதாவது திகட்டல் என்பது மூளையில் உண்மையாகவே நடக்கும் ஒரு மாற்றம். சாக்லேட் பிரியருக்கும் அந்தப் பிரேக் இருக்கிறது. ஆனால் பண்டிகைக் காலத்தில் அதற்கு வேலை கொடுக்காமல் வைத்துவிடுகிறோம்.

எப்படி? பல ரகம் வைப்பதால். ஒரு சுவையைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்தச் சுவை மட்டும்தான் திகட்டும், மற்றவை திகட்டாது. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1981-இல் இதைச் சாண்ட்விச்சை வைத்துக் காட்டினார்கள். ஒரே வகைச் சாண்ட்விச் கிடைத்தவர்களைவிட, நாலு வகை கிடைத்தபோது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். கல்யாணப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பாயசத்துக்கு இடம் இருப்பது இதனால்தான். இப்போது டிசம்பர் ஃப்ரிட்ஜை நினைத்துப் பாருங்கள். முந்திரி போட்டது, திராட்சை போட்டது, உள்ளே கேரமல் வைத்தது, வெள்ளை, கறுப்பு, வேஃபர், கொடைக்கானல் பாதாம் கட்டி. ஒன்று திகட்டும்போது அடுத்தது புதிதாக நிற்கிறது. அசார்டட் பெட்டி என்று விற்பதன் பலமே இதுதான்.

பண்டிகை நாள் வீடு

ரகம் மட்டும் அல்ல. லீவு நாளில் சாப்பாட்டு நேரம் குலைந்துபோகிறது. காலையில் தாமதமாக எழுந்து, டிபனைத் தாண்டி, மதியம் 3 மணிக்குச் சாப்பிடும் நாளில் இடையில் வாய்க்கு எளிதாகக் கிடைப்பது சாக்லேட்தான். ராத்திரி நெடுநேரம் விழித்திருப்போம், அடுத்த நாள் தூக்கம் போதாமல் இனிப்பைத் தேடுவோம். நாலு வீட்டுக்குப் போவோம், நாலு வீட்டிலும் தட்டு நீளும். "ஒன்னே ஒன்னு எடுத்துக்கப்பா, அங்கருந்து தூக்கிட்டு வந்திருக்காரு மாமா" என்று அத்தை சொன்னால் மறுக்க முடியுமா? மறுக்கவும் கூடாது என்பது என் எண்ணம். கொடுப்பவர் கொடுப்பது பாசத்தை. அங்கேயே தின்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒருநாள் சாப்பிட்டாலும் அந்தப் பாசம் குறையாது.

குழந்தைகள் விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டியை எட்டாத பரண்மேல் ஏற்றி, குழந்தை பார்க்கும்படியே வைத்து, "தொட்டால் அடி" என்று மிரட்டுவது வழக்கம். அமெரிக்காவில் ஜெனிபர் ஃபிஷரும் லீன் பர்ச்சும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. குழந்தைகளின் கண்முன் ஒரு தின்பண்டத்தை வைத்து, கொஞ்ச நேரம் மட்டுமே எடுக்கலாம் என்று தடுத்தபோது, அவர்கள் அதைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள், கிடைத்தபோது பாய்ந்து எடுத்தார்கள். கண்ணில் படவும் வேண்டும், கைக்குக் கிடைக்கவும் கூடாது என்ற நிலை ஆசையை ஊதிப் பெருக்கும். ஆகவே ஒன்று, கண்ணுக்கே தெரியாத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று உண்டு என்று பேசி முடித்து, அந்த ஒன்றைச் சண்டையில்லாமல் கொடுங்கள். நாளைக்கும் உண்டு என்று தெரிந்த குழந்தை இன்றைக்கு அள்ளாது. தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டால்தான் சாக்லேட் என்று லஞ்சமாக வைப்பதும் வேண்டாம். சோறு தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

பெரியவர்களுக்கும் வழி இதேதான். பெட்டியை ஃப்ரிட்ஜின் கண்மட்டத் தட்டிலிருந்து எடுத்து, மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, கீழே காய்கறிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சின்ன மாற்றம், ஆனால் தண்ணீர் எடுக்கப்போகும் ஒவ்வொரு தடவையும் வரும் அழைப்பு நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு ரகம் மட்டும் பிரிப்பது என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சாப்பிடாமல், சோறு சாப்பிட்ட பின் ஒரு துண்டை எடுத்து, உட்கார்ந்து, கடிக்காமல் கரையவிட்டுச் சாப்பிடுங்கள். டிவிக்கு முன்னால் பெட்டியோடு உட்காராதீர்கள். எத்தனை உள்ளே போயிற்று என்று கையும் கண்ணும் கணக்கு வைக்க முடியாத இடம் அது. வெற்றுத் தாள்களை உடனே குப்பையில் போடாமல் மேசையிலேயே விட்டுவைத்தால் அந்தக் கணக்கு கண்முன் இருக்கும்.

அளவு என்று கேட்டால், உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னதை வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஒரு 40 கிராம் பட்டையே கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடும், அதற்கு மேல்தான் காபி, டீ, ஜிகர்தண்டா, சர்க்கரைப் பொங்கல் எல்லாம். அதற்காக நல்ல நாள் அன்று கணக்குப் புத்தகத்தோடு உட்காரச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் பொங்கல் அன்றும் மனம்போலச் சாப்பிடுங்கள். இடையில் இருக்கும் மூன்று வாரம்தான் கவனிக்க வேண்டியது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு

நம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். டார்க் சாக்லேட் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். 70 சதவீதம் கோகோ என்று போட்டிருந்தால் சர்க்கரை குறைவுதான், மில்க் சாக்லேட்டில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆனால் கொழுப்பு கூடுதல், அதனால் கலோரி குறைவதில்லை, பல சமயம் கூடவே இருக்கும். சுகர்-ஃப்ரீ என்று எழுதியதில் பெரும்பாலும் மால்டிடால் போன்ற இனிப்பூட்டி இருக்கும். அது ரத்தச் சர்க்கரையைச் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும், ஏற்றாமல் விடாது. நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகும்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. இன்சுலின் போட்டவருக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் சாக்லேட் கொடுக்காதீர்கள். அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். குளுக்கோஸ் தூளோ, தண்ணீரில் கரைத்த சர்க்கரையோ கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

சாக்லேட்டுக்கு அடிமையாகிவிட்டேன் என்று விளையாட்டாகச் சொல்வதற்கும் மருத்துவர்கள் அடிமைத்தனம் என்று சொல்வதற்கும் தூரம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் உணவு அடிமைத்தனம் என்ற நோய் இடம்பெறவில்லை. ஆனால் அளவு கடந்து, கட்டுப்பாடே இல்லாமல், குறுகிய நேரத்தில் அள்ளித் தின்னும் கோளாறு அதில் உண்டு. யாருக்கும் தெரியாமல் ஒளித்துத் தின்பது, தின்ற பிறகு தாங்க முடியாத அவமானமும் வெறுப்பும் வருவது, அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது அல்லது பட்டினி கிடப்பது, இது வாரக்கணக்கில் தொடர்வது என்றால் அது பண்டிகை ஆசை அல்ல. வீட்டில் யாரையாவது அப்படிப் பார்த்தால் திட்டாதீர்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

வாங்கும்போதும், வைக்கும்போதும்

பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும் வரிசையில்தான் பொருட்களை அச்சிட வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை, அடுத்து ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, கடைசியில் கொஞ்சம் கோகோ தூள் என்று இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக விலை குறைந்த தாவரக் கொழுப்பு போட்டது. சூட்டைத் தாங்கும், டெம்பரிங் தேவையில்லை, ஆனால் வாயில் அப்படிக் கரையாது. ஹோம்மேட் என்று விற்பதிலும் காம்பவுண்டுக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது உண்டு. கேட்டு வாங்குங்கள். கோகோ வெண்ணெய் உள்ளதில் இரண்டு துண்டு, காம்பவுண்டில் பத்துத் துண்டைவிட மனசை நிறைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டில் நாய் இருந்தால் சாக்லேட்டை அதற்கு எட்டவே விடக் கூடாது. மனித உடம்பு தியோபுரோமினைச் சில மணி நேரத்தில் சமாளித்துவிடும், நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும். டார்க் சாக்லேட் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி, படபடப்பு வரும்வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் பலர் பூசணம் என்று தூக்கிப் போடுகிறார்கள். கொடைக்கானலிலிருந்து இறங்கும் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதும் பை சூடாகும், உள்ளே பாதி உருகும், வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் வைத்ததும் மறுபடி இறுகும். அப்போது கொழுப்பு முன்பிருந்த அடுக்கில் சேராமல் மேலே வந்து படிவதால் வரும் வெள்ளை அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, பளபளப்பும் கரையும் சுகமும்தான் போயிருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறந்து வைத்தால் இன்னொரு வெள்ளை வரும். காற்றின் ஈரம் மேலே முத்து முத்தாகப் படிந்து, சர்க்கரையைக் கரைத்து, காய்ந்தபின் சொரசொரப்பாக விட்டுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்துக் கால் மணி நேரமாவது கழித்துத் திறந்தால் இது வராது. அந்த டப்பாவின் பக்கத்தில் பூண்டும் கருவாடும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கோகோ வெண்ணெய் வாசனையை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே வெள்ளை பூத்துப்போனதைச் சூடான பாலில் போட்டுக் கரைத்துவிடலாம். கரைந்தபின் அடுக்கும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. தனியாகச் சர்க்கரை போடத் தேவையிருக்காது.